சட்டைப் பொத்தானும் சட்டத்தின் சொல்லும்

ஜொகூர் பாருவிலிருந்து ஸ்கூடாயை நோக்கிப் போகிற வழியில் தம்போய் என்றோர் ஊர் இருக்கிறது. மலாய்க் காடுகளில் விளைகிற, புளிப்பும் இனிப்பும் கலந்த ஒரு பழத்தின் பெயரே அவ்வூருக்கும் பெயர். ஆயினும் ஜொகூர்த் தமிழரில் முந்திய தலைமுறையினரின் காதில் அச்சொல் விழுந்தபோது பழம் நினைவுக்கு வந்ததில்லை. மதிலும் அதற்குள் வரிசையாக நின்ற வார்டுகளுமே நினைவுக்கு வந்தன. சுல்தான் இப்ராஹிமின் ஆட்சிக் காலத்தில், 1937இல், அங்கே மனநோய் மருத்துவமனை திறக்கப்பட்டது; பெர்மாய் என்னும் பெயரோடு இன்றும் அது நடந்து வருகிறது. வடக்கே பேராக்கில், அத்தகைய மற்றொரு மருத்துவமனை உள்ள தஞ்சோங் ரம்புத்தான் என்னும் ஊர்ப்பெயர் எவ்வாறு வசைச்சொல்லாயிற்றோ, அவ்வாறே தெற்கே தம்போயும் வசைச்சொல்லாயிற்று. பத்து வயதாகியும் தன் பெயர் சொல்லத் தெரியாத பிள்ளையைப் பார்த்து, 'இதைத் தம்போய்க்குத்தான் அனுப்ப வேண்டும்' என்று அக்கம்பக்கத்தார் சொன்னால், பெற்றவள் மறுமொழி கூறாமல் பிள்ளையைக் கையிற் பிடித்துக்கொண்டு உள்ளே போய்விடுவாள். அறிவு வளர்ச்சி குன்றிய பிள்ளைகளின் கல்வி வரலாற்றை இம்மாநிலத்தில் எழுதப் புகுகிறவன் அந்த வசையிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம். கல்வி என்னும் சொல் இப்பிள்ளைகளின் அருகே வருவதற்கு நெடுங்காலம் முன்னரே வசை வந்து சேர்ந்துவிட்டது.

பித்தும் மந்தமும் ஒன்றல்ல என்பதைத் தமிழ் மக்கள் அறியாதவர்களல்லர். பித்து இடையில் வருவது, தெளியவும் கூடியது. மந்தம் பிறவியோடு வருவது, பிள்ளையோடு சேர்ந்தே வளர்வது. எழுத்தறியாக் கிழவியும் கண்டுணர்ந்த இந்த வித்தியாசத்தைக் காலனி நிர்வாகம் போதிய அளவு மனத்திற் கொள்ளவில்லை. இங்கிலாந்து 1913இலேயே மனவளர்ச்சிக் குறைவுக்கெனத் தனிச் சட்டம் ஒன்றை இயற்றியது. அச்சட்டமும் கற்பிப்பதைக் காட்டிலும் தரம் பிரித்து ஒதுக்கி வைப்பதையே பெரிதாகக் கருதிற்று. மலாயாவிலோ இவர்களுக்கென்று தனி இல்லம் இல்லாத காலத்தில், வீட்டில் வைத்துக் காக்க இயலாதவர் என்று கைவிடப்பட்டோருக்கு மனநோய் மருத்துவமனையின் வாசலைத் தவிர வேறு வாசல் இருந்ததில்லை. பிறகு யுத்தம் வந்தது. தம்போய்க் கட்டடங்களை ஜப்பானியச் சேனை தன் வசமாக்கிக்கொண்டு, கொள்ளைநோய்க் கிருமி ஆராய்ச்சிக்காக எலிகளையும் தெள்ளுப்பூச்சிகளையும் அங்கே வளர்த்தது. மனிதரின் துன்பம் தணியக் கட்டப்பட்ட சுவர்கள் அவ்வாறும் பிரயோகிக்கப்பட்டன.

தோட்டங்களின் கதை வேறு. 1909இல் ரயில் பாதை ஜொகூர் பாருவை எட்டிய பின் குளுவாங், ரெங்கம், லாயாங்-லாயாங், கூலாய் எனப் பாதையின் இருமருங்கிலும் கித்தா எனப்படும் ரப்பர்க் காடுகள் எழுந்தன. அவற்றின் நடுவே லயங்கள் என்னும் வரிசை வீடுகளில் தமிழ்க் குடும்பங்கள் குடியேறின. இருள் பிரியாத நேரத்தில் பெரட்டு என்னும் வருகைக் கணக்கெடுப்புக்குப் பெயர் கொடுத்துவிட்டுப் பால் வெட்டப் போகும் தாய்மார் தம் பிள்ளைகளை விட்டுச் செல்வதற்கு ஆயாக் கொட்டகை என்று ஒன்று இருந்தது. தகரக் கூரை, வரிசையாகத் தொங்கும் தூளிகள், பால் காய்ச்ச ஓர் அடுப்பு, வயதான ஓர் ஆயாம்மா, இவ்வளவே அதன் சம்பத்து. தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஒரு வாரம் உட்கார வைத்துப் பார்த்து, 'இவனுக்குப் படிப்பு ஏறாது' என்று திருப்பியனுப்பப்பட்ட பிள்ளைகள், வயதேறிய பின்னும் கைக்குழந்தைகளோடு அக்கொட்டகையிலேயே தங்கிவிடுவது உண்டு.

நான் சிறுவனாயிருந்த தோட்டம் குளுவாங் பக்கத்தது. எங்கள் கொட்டகையில் அத்தகைய பையன் ஒருவன் இருந்தான், பன்னிரண்டு வயதிருக்கும். ஆயாம்மா அவனைக் கொண்டு உலர்ந்த தூளித் துணிகளை மடிக்கச் செய்வாள். முதலில் தானே மூன்று மடிப்பு மடித்துக் கடைசி மடிப்பை மட்டும் அவன் கையில் விடுவாள். சில மாதங்கள் சென்று இரண்டு மடிப்பை விட்டாள். அடுத்த மழைக்காலத்துக்குள் அவன் துணி முழுவதையும் மடித்து அடுக்கத் தெரிந்துகொண்டான். யாரேனும் ஏளனம் செய்தால், 'மெதுவாத்தான் வருவான், ஆனா வந்துருவான்' என்பது அவள் வாய்ப்பாடு. ஆயாம்மா காய்ச்சலில் படுத்த நாட்களில் அப்பையனின் தாய், வேறு வழியில்லாமல், அவன் கணுக்காலைக் கயிற்றால் லயத்துத் தூணோடு கட்டிவிட்டுக் காட்டுக்குப் போனாள். அந்தக் கயிற்றைப் பார்த்து அவளைக் குற்றம் சொன்னவர்கள் பலர். அவளுக்கு மாற்றாக ஒரு வழியைக் காட்டியவர் ஒருவரும் இல்லை.

துணி மடிப்பில் ஆயாம்மா கையாண்ட உபாயம் கல்விச் சாஸ்திரத்தில் பெயர் பெற்ற ஒரு முறை என்பதைப் பல ஆண்டுகள் கழித்தே படித்தறிந்தேன். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், காட்டில் அகப்பட்ட ஒரு பேசாச் சிறுவனுக்குக் கற்பிக்கப் பாரிஸ் நகரத்து வைத்தியர் இதார் எடுத்துக்கொண்ட பிரயத்தனமும், அவருடைய சீடர் செகேன் 1837 முதல் மந்த புத்தியுள்ள பிள்ளைகளுக்குக் கையையும் கண்ணையும் பழக்கி அறிவைத் தட்டியெழுப்பிய முறையும், 1846இல் அவர் அதனை நூலாக எழுதியதும் இக்கல்வியின் ஆதி வரலாறு. அவ்விருவர் எழுத்தையும் ஊன்றிப் படித்த மரியா மாண்டிசோரி அம்மையார் முதலில் ரோமில் அறிவு குன்றிய பிள்ளைகளோடு வேலை செய்துவிட்டு, அங்கே கண்ட பலனைக் கொண்டே 1907இல் சான் லோரென்சோ என்னும் ஏழைப் பேட்டையில் ஏனைய குழந்தைகளுக்கும் வீடு திறந்தார். பொத்தான் போடவும் நாடா முடியவும் பழக்குகிற அந்த மரச்சட்டங்களை இன்று ஜொகூர் பாருவில் வசதியுள்ளோரின் குழந்தைகள் பாலர் பள்ளிகளில் ஆவலோடு கையாளுகிறார்கள். அவற்றின் மூலம் எந்தப் பிள்ளைகளுக்காகக் கண்டறியப்பட்டது என்பதைப் பெற்றோர் பெரும்பாலும் அறியார். அவ்வம்மையார் 1939இல் சென்னை அடையாற்றுக்கு வந்து, யுத்தம் மூண்டதனால் 1946 வரை இந்தியாவிலேயே தங்கி ஆசிரியர்களைப் பயிற்றுவித்தார் என்பது தமிழர் நினைவிற் கொள்ளத்தக்க செய்தி. உடுத்தவும் உண்ணவும் கை கழுவவும் கற்பிப்பதைப் படிப்புக்கு முந்திய ஏதோ ஒரு சில்லறைக் காரியம் என்று நாம் எண்ணுகிறோம். நவீனக் குழந்தைக் கல்வியே அந்தக் காரியத்தின் வயிற்றில்தான் பிறந்தது.

இனி, ஜொகூருக்குத் திரும்புவோம். யுத்தம் முடிந்து சமூகநலத் துறை தோன்றிய சில ஆண்டுகளுக்குள், 1940களின் இறுதியில், ஜொகூர் பாருவில் பார்வையற்ற பிள்ளைகளுக்கென இளவரசி எலிசபெத் பள்ளி எழுந்தது. 1954இல் பினாங்கில் காது கேளாதோருக்கு ஒரு பள்ளி வந்தது. கண்ணும் காதும் இல்லாதார் கற்க வல்லவர் என்பதைச் சமுதாயம் ஒப்புக்கொண்டது. அறிவு மெதுவாய் நடப்போர் கற்க வல்லவர் என்பதை ஒப்புக்கொள்ள அதற்கு இன்னும் பல்லாண்டு தேவைப்பட்டது. 1962இல் பாலத்துக்கு அப்பால் சிங்கப்பூரில் இப்பிள்ளைகளுக்கென ஒரு சங்கம் உருவாயிற்று. 1966இல் பேராக்கின் ஹுத்தான் மெலிந்தாங் வட்டாரத்தில், தோட்டங்களின் நடுவே, தமிழரிடையே தொண்டாற்றி வந்த லுத்தரன் திருச்சபை பெத்தானி இல்லத்தைத் தொடங்கியது. ஜொகூரிலும் பெருமூளை வாதமுற்ற பிள்ளைகளுக்கான ஸ்பாஸ்டிக் சங்கமும், வேறு சில தர்ம ஸ்தாபனங்களும், பெற்றோரும் கொடையாளரும் கூடிக் கையிலுள்ளதைப் போட்டு நடத்திய சிறு நிலையங்களாக முளைத்தன. அரசாங்கம் செய்ய வேண்டிய காரியத்தை அவை நன்கொடைச் சீட்டும் உணவுச் சந்தையும் வைத்துச் செய்தன. அவற்றில் உழைத்த பெண்மணிகள் பெரும்பாலோர் எந்தப் பதிவேட்டிலும் இடம் பெறாதவர்கள்.

1979இல் வெளியான அமைச்சரவைக் குழுவின் கல்வி அறிக்கை, உடற்குறையும் அறிவுக்குறையும் உள்ள பிள்ளைகளின் கல்வியைத் தர்ம சங்கங்களிடமே விட்டுவைக்காமல் அரசே பொறுப்பேற்க வேண்டுமெனக் கூறிற்று. அப்பொறுப்பு பிறகு பங்கிடப்பட்டது. பிள்ளையின் குறையை இளமையிலேயே கண்டறிவது சுகாதார அமைச்சுக்கு. பார்வை, செவி ஆகியவற்றில் குறையுள்ளோரும் அறிவுக்குறை இலேசாக உள்ளோரும் கல்வி அமைச்சுக்கு. அறிவுக்குறை நடுத்தரமாகவும் கடுமையாகவும் உள்ளோர் சமூகநலத் துறைக்கு. மேலோட்டமாகப் பார்த்தால் ஒழுங்கான பங்கீடுதான். ஆனால், அதன் உட்பொருளைச் சற்றே நின்று கவனிக்க வேண்டும்: ஒருசாரார் மாணவர் ஆயினர், மற்றொருசாரார் உதவி பெறுவோர் ஆயினர்.

கல்வி அமைச்சின் பக்கத்தில் 1988இல் கோலாலம்பூரில் ஒரு முன்னோடி வகுப்பாகத் தொடங்கிய ஏற்பாடு, சாதாரணப் பள்ளிகளின் வளாகத்துக்குள்ளேயே தனி வகுப்பு வைத்து நடத்தும் ஒருங்கிணைப்புத் திட்டமாக நாடெங்கும் பரவி, நாளடைவில் ஜொகூரின் தேசியப் பள்ளிகளுக்கும் வந்தது. 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் சிறப்புக் கல்விக்கென ஓர் அத்தியாயமே வகுத்தது. அதையொட்டி 1997இல் பிறந்த விதிமுறைகள்தாம் என்னைப் பல இரவுகள் வருத்தியவை. பிறர் உதவியின்றித் தன்னைத் தானே கவனித்துக்கொள்ள வல்ல பிள்ளையே கல்வி கற்பிக்கத்தக்க பிள்ளை என்றும், கடுமையான அறிவுக்குறை உள்ளவரும் பல குறைகள் ஒருங்கே உள்ளவரும் அத்திட்டத்துக்கு உரியரல்லர் என்றும் அவை வரையறுத்தன.

இதன் பொருளை விரித்துச் சொல்கிறேன். கழிப்பறைக்குத் தானே போகத் தெரிந்தால் பள்ளிக்கு வரலாம்; தெரியாவிட்டால் வரலாகாது. கழிப்பறைக்குப் போகக் கற்பிப்பதோ அப்பிள்ளைக்குப் பள்ளி கொடுக்க வேண்டிய முதற்பாடம். பாடமாக அமைய வேண்டியதை நுழைவுக் கட்டணமாகக் கேட்டது விதி. நீந்தத் தெரிந்து வந்தால்தான் நீச்சல் பழக்குவேன் என்பதைப் போன்றது இது. இங்கிலாந்தில் 'கற்பிக்கவொண்ணாதவர்' என்று பள்ளிக்கு வெளியே நிறுத்தப்பட்ட பிள்ளைகளை 1970ஆம் ஆண்டுச் சட்டம் கல்வித் துறைக்குள் கொண்டுவந்து, அந்தச் சொல்லையே ஒழித்துவிட்டது. அங்கே கழித்துப் போட்ட பாகுபாட்டை இருபத்தேழு ஆண்டு சென்ற பின் நாம் எடுத்து எழுதியது தவறு. அவ்விதியை எழுதியவர்கள் கொடியவர்கள் என்று நான் கருதவில்லை. ஆசிரியர் பற்றாக்குறையும் இடப் பற்றாக்குறையும் அவர்களை நெருக்கியிருக்கக் கூடும். ஆயினும் நெருக்கடிக்காக எழுதிய ஒரு வாக்கியம் பதினாறு ஆண்டுகள் சட்டமாய் நின்றது. ஒரு பிள்ளையின் பள்ளிப் பருவம் அதைவிடக் குறுகியது.

பள்ளி வாசலில் திருப்பியனுப்பப்பட்ட பிள்ளைகளை வாங்கிக்கொண்டவை பிடிகே என்று மக்கள் வழங்குகிற சமூக மறுவாழ்வு நிலையங்கள். உலகச் சுகாதார நிறுவனம் வகுத்த கையேட்டைத் துணையாகக் கொண்டு, 1984இல் திரங்கானுவின் பத்து ராக்கிட் என்னும் கிராமத்தில் 55 பேரோடு தொடங்கிய ஏற்பாடு அது. இன்று நாடெங்கும் ஐந்நூறுக்கும் மேற்பட்ட நிலையங்களாகப் பெருகியுள்ளது. ஜொகூரின் சிற்றூர்களிலும் வீடமைப்புப் பகுதிகளிலும், பழைய சமூகக் கூடமோ கைவிடப்பட்ட கட்டடமோ எது கிடைத்ததோ அதற்குச் சாயம் பூசி அவை நடக்கின்றன. அவற்றில் பணியாற்றுவோர் அதே ஊரைச் சேர்ந்த பெண்கள். பிள்ளையின் தாயைப் பெயர் சொல்லி அழைக்கக் கூடியவர்கள். மதிலுக்குள் அனுப்புவதற்குப் பதிலாகப் பிள்ளையின் ஊரையே அவனுக்குப் பள்ளியாக்குவது என்ற கருத்து, எளிமையாகத் தோன்றினாலும், தம்போய் மதில் எழுந்த காலத்துச் சிந்தனையிலிருந்து மிகத் தொலைவு வந்துவிட்ட கருத்து.

ஜொகூருக்கு இது அவசியப்பட்டதற்கு ஒரு விசேஷக் காரணமும் உண்டு. 1980களிலும் 1990களிலும் தோட்டங்கள் துண்டாடப்பட்டும் விற்கப்பட்டும், கித்தாக் காடு இருந்த இடத்தில் தொழிற்சாலையும் வீட்டு மனையும் செம்பனையும் வந்தபோது, தமிழ்க் குடும்பங்கள் மாசாய், பாசிர் கூடாங், ஸ்கூடாய் முதலிய இடங்களின் அடுக்குமாடி வீடுகளுக்குப் பெயர்ந்தன. லயத்து வாழ்க்கையில் வறுமை இருந்தது; அத்துடன் ஒரு முற்றமும் இருந்தது. மெதுவான பிள்ளை ஆட்டை ஓட்டிவரும், விறகு பொறுக்கும், பால் மங்கு கழுவும்; வழி தவறினால் யாரேனும் கொண்டுவந்து விடுவார்கள். நான்காம் மாடியில் பூட்டிய கதவுக்குள் அப்பிள்ளைக்கு ஆடுமில்லை, விறகுமில்லை. மின்தூக்கியின் பொத்தான், பஸ்ஸின் எண், சாலையின் விளக்கு, கடையின் சில்லறை எல்லாவற்றையும் யாரேனும் உட்கார்ந்து கற்பித்தாலன்றி அவன் வெளியே காலெடுத்து வைக்க இயலாது.

எப்படிக் கற்பிக்கிறார்கள் என்பதை ஓர் உதாரணத்தால் சொல்ல வேண்டும். சட்டைப் பொத்தானையே எடுத்துக்கொள்வோம். நமக்கு அது ஒரு செயல். கற்பிக்கிற ஆசிரியைக்கு அது எட்டுச் செயல்: சட்டையின் இரு ஓரங்களையும் சேர்த்துப் பிடிப்பது, பொத்தானைக் கட்டை விரலாலும் சுட்டு விரலாலும் பற்றுவது, துளையைக் கண்ணால் தேடுவது, பொத்தானைச் சற்றே சாய்ப்பது, பாதி நுழைப்பது, மறு கையால் வாங்குவது, இழுப்பது, கீழ்ப்பொத்தானுக்கு இறங்குவது. முதலில் பெரிய பொத்தானும் அகன்ற துளையும் தைத்த துணியை மேசை மேல் வைத்துப் பழக்குவார், பிறகு அதே துணியை மார்பில் கட்டிப் பழக்குவார், பிறகுதான் சட்டை. மற்றப் படிகளைத் தாமே செய்து பொத்தானை இழுப்பதை மட்டும் பிள்ளைக்கு விடுவார், முடித்த மகிழ்ச்சி முதல் நாளே அவனுக்குக் கிடைக்க வேண்டும் என்பதற்காக. பிள்ளை அதில் தேறியதும் கடைசி இரண்டு படி, பிறகு மூன்று. எங்கள் ஆயாம்மாவின் துணி மடிப்பு இங்கே இருக்கிறது என்பதை வாசகர் கண்டிருப்பார்கள். சிலருக்கு இதற்கு ஒரு மாதம் போதும். சிலருக்கு ஓராண்டு ஆகும். சோறு வடிப்பதும், பல் துலக்குவதும், ஐம்பது காசையும் இருபது காசையும் விரல் நுனியால் வேறுபடுத்துவதும், ஆண்கள் கழிப்பறையின் அடையாளத்தை அறிந்து நுழைவதும், அந்நியர் தொட்டால் 'வேண்டாம்' என்று உரக்கச் சொல்வதும் இவ்விதமே படிப்படியாகப் பிரிக்கப்படுகின்றன.

இத்துறையில் சென்னைக்கு ஓர் இடம் உண்டு என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். ஜெயச்சந்திரன், விமலா என்னும் இருவர் வகுத்த சென்னை வளர்ச்சித் திட்ட முறை, வாழ்க்கைத் திறன்களை 18 துறைகளாக்கி, துறைக்கு 20 வீதம் 360 செயல்களாக எளியது முதல் அரியது வரை அடுக்கிக் காட்டுகிறது. அதன் வாக்கியங்கள் அனைத்தும் பிள்ளையால் முடிந்ததைச் சொல்லும் வாக்கியங்களாகவே அமைந்துள்ளன. முடியாததைச் சொல்லும் வாக்கியம் ஒன்றும் இல்லை. பரீட்சைத் தாளில் சுழியம் வாங்கியே பழகிய ஒரு பிள்ளையின் பெற்றோர், தம் மகன் செய்யக்கூடியவை நூற்றுப் பத்து என்று எண்ணிக்கையாகக் காணும்போது அவர்கள் முகம் மாறும்.

சட்டமும் மெல்ல மாறிற்று. 2008இல் உடற்குறையுடையோர் சட்டம் வந்தது. 2010இல் இவர்களின் உரிமைகளுக்கான ஐக்கிய நாடுகளின் உடன்படிக்கையை மலேசியா ஏற்று உறுதி செய்தது. 2013இல் சிறப்புக் கல்வி விதிமுறைகள் புதிதாக எழுதப்பட்டன. 2019 முதல் எந்தப் பிள்ளையையும் பள்ளி மறுக்கலாகாது என்னும் கொள்கை நடைமுறைக்கு வந்திருக்கிறது. சிறப்புக் கல்வி வகுப்பில் ஆசிரியருக்குத் துணையாக மாணவர் நிர்வாக உதவியாளர் இருக்கிறார். பிள்ளைக்கு மாதம் 150 வெள்ளி உதவித்தொகை கிடைக்கிறது. இடைநிலைப் பள்ளிப் பாடத்திட்டத்தில் சமையல், தையல், பயிர்த்தொழில் முதலியவை தொழிற்பாடங்களாக இடம் பெற்றுள்ளன. கூலாயின் இண்டாபுராவில் சிறப்புக் கல்வித் தொழிற்பயிற்சி இடைநிலைப் பள்ளி ஒன்று நடக்கிறது. ரயில் பாதையோரத்துக் கித்தாக் காடாயிருந்த அதே கூலாய்தான்.

குறை இல்லாமலில்லை. தமிழ்ப்பிள்ளை வீட்டில் கேட்கும் மொழி ஒன்று, வகுப்பில் கேட்கும் மொழி மற்றொன்று. சாதாரணப் பிள்ளைக்கு இது சுமையன்று. ஒரு சொல்லைப் பிடித்துக்கொள்ளவே ஒரு மாதம் பாடுபடுகிற பிள்ளைக்கு, தண்ணீருக்கு இரண்டு பெயர் என்பது இரண்டு மாத உழைப்பு. தமிழ்ப்பள்ளிகளில் சிறப்பு வகுப்பு நடத்துவன சிலவே. வகுப்பில் கற்றதை வீட்டில் தமிழில் தொடர்வது எப்படி என்று தாய்க்குக் காட்டும் எளிய தமிழ்க் கையேடுகளை நம் ஆசிரியர் சங்கங்களும் எழுத்தாளர்களும் ஆக்கித் தரலாம். கோயில் திருவிழாவுக்குச் செலவிடுவதில் நூறில் ஒரு பங்கு இதற்குப் போதும். பதினெட்டு வயதுக்குப் பின் இப்பிள்ளைகள் எங்கே போவது என்னும் வினாவுக்கோ நாடு இன்னும் முழு விடை காணவில்லை. 'எனக்குப் பிறகு இவனை யார் பார்ப்பார்' என்று கேட்காத பெற்றோரை நான் இதுவரை சந்தித்ததில்லை.

சட்டத்தைக் காட்டிலும் மெதுவாக மாறுவது நம்முடைய கூச்சம். இன்றும் விருந்தாளி வந்தால் பிள்ளையை உள்ளறைக்கு அனுப்பும் வீடுகள் உள்ளன. உடற்குறையுடையோருக்கான பதிவு அட்டை எடுத்தால் முத்திரை விழுந்துவிடும், தங்கையின் கல்யாணம் தடைப்படும் என்று அஞ்சி, எட்டு வயது, பத்து வயது வரை மறைத்துவைத்துவிட்டுக் கடைசியில் வருவோர் உள்ளனர். கற்பிப்பதற்கு மிக ஏற்ற காலம் அதற்குள் கழிந்துவிடுகிறது. ஜொகூரில் இதைப் படிக்கிற அண்ணன்மார், அக்காமார் எவரேனும் அத்தகைய வீடு ஒன்றை அறிவீராயின், உங்களை வேண்டிக்கொள்கிறேன்: அத்தாயோடு ஒரு முறை கூடப் போங்கள். அரசாங்க மருத்துவமனையிலோ சுகாதார நிலையத்திலோ மருத்துவர் பார்த்துப் படிவத்தில் கையொப்பமிட வேண்டும். பிறகு அம்மாவட்டத்துச் சமூகநல அலுவலகத்தில் அதைக் கொடுத்துப் பிள்ளையின் பெயரைப் பதிய வேண்டும். பள்ளி வயதென்றால் மாவட்டக் கல்வி அலுவலகம் வகுப்பு காட்டும். பதிவுக்குக் கட்டணம் ஏதும் இல்லை.